அளவு நோட்டு

நோட்டில் இடது பக்கம் அவர் குடித்தது.
வலது பக்கம் வண்டி குடித்தது.

அவருக்கு ஒரு நாளைக்கு எழுநூறு மில்லி,
ரசம், மோர், மாத்திரைக்கு ஒரு வாய்
எல்லாம் சேர்த்து.
மாருதி எண்ணூறுக்குக் கணக்கே இல்லை.
செக்கானூரணியில் நிரப்பிக் கிளம்பினால்
நாகமலைப் புதுக்கோட்டையில் முள் சிவப்பைத் தொடும்.
ஓரங்கட்டி, பானட்டைத் தூக்கிவிட்டு
ஆறட்டும் என்று நிற்பேன்.
உள்ளே இருந்தபடி அவர்,
"மூடியத் தொட்றாத."
இருபத்திரண்டு வருஷம் லாரி ஓட்டியவர்.
விழுப்புரம் தாண்டி அவசரமாகத் திறந்த ஒரு மூடி
இன்னும் அவர் முழங்கையில் இருக்கிறது.

வாரம் மூன்று டயாலிசிஸ். வாரம் மூன்று நிறுத்தம்.
இதற்காகவே நாற்பத்தாறு வயதில் லைசென்ஸ் எடுத்தேன்.

ராத்திரி வண்டிக்கடியில் பேப்பர் விரித்தேன்.
விடிந்து பார்த்தால் காய்ந்து கிடக்கிறது,
ஒரு பல்லி எச்சம் மட்டும்.
ஊற்றியது எங்கேதான் போகிறது?
அவர் காலை அமுக்கினால் விரல் பதிந்த குழி
நெடுநேரம் மேலே வராது.
குடித்தது எல்லாம் அங்கே நிற்கிறது.

மூடி மாற்றினார்கள், நூற்றெண்பது.
ஹோஸ் மாற்றினார்கள்.
ஆரப்பாளையத்தில் ரேடியேட்டரைக் கழற்றி ஈயம் வைத்தார்கள்,
அன்றைக்குப் பஸ்ஸில் போய் வந்தோம்.
ஹெட் கேஸ்கட் போயிருச்சு, பன்னிரண்டாயிரம் ஆகும் என்றான் ஒருவன்.
ஆயில் குச்சியை உருவிப் பார்த்தேன்.
பால் கலந்த நிறம் இல்லை, சுத்தக் கறுப்பு.
போய்யா என்று கிளம்பிவிட்டேன்.

தத்தனேரியில் ஜைலானி
ரேடியேட்டர் வாயில் கைப்பம்பை மாட்டி அடித்தார்.
பதிமூன்றில் முள் நின்றதும்
டீ குடிக்கப் போய்விட்டார்.
திரும்பி வரும்போது பதினொன்று.
"ஓட்டை இருக்கு. வாயத் தொறக்க மாட்டேங்குது."
சவரக் கண்ணாடியையும் டார்ச்சையும் உள்ளே விட்டு
புகைக்குழாய்க்குப் பின்னால் காட்டினார்.
பத்து ரூபாய்க் காசளவு ஒரு தகர மூடி,
அதைச் சுற்றி வெள்ளையாய்ப் பூத்த உப்பு,
நடுவில் ஊசி முனை அளவு ஈரம்.
சொட்டுகிற சொட்டெல்லாம்
கொதிக்கிற குழாயில் பட்டு ஆவியாகிவிடுகிறது.
பேப்பருக்கு எப்படி வரும்?

"என்ன தண்ணி ஊத்துனீக?"
"நல்ல தண்ணிதான்" என்றார் இவர், உள்ளேயிருந்து.
நான் சவரக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
எங்கள் போரில் சோப்பு நுரைக்காது.
எட்டு வருஷமாக அந்தத் தண்ணீர்தான்.
போன ஆடியில் பெரியாஸ்பத்திரியில்
சின்ன வயசு டாக்டர் ஒருவர்
இதே கேள்வியைக் கேட்டார்.
அவருக்கும் இவர்
இதே பதிலைத்தான் சொன்னார்.

உளியால் தட்டித் திருப்பி மூடியை இழுத்ததும்
செம்மண் குழம்பாக வந்தது.
தெளியும் வரை அலசினார், நான்கு தடவை.
புது மூடி நாற்பது ரூபாய்.
பிறகு பச்சைக் கூலண்ட், பேட்டரித் தண்ணீர், பாதிக்குப் பாதி.
"இனிக்கும், நாய் நக்கிரும், கேனை மூடி வைங்கக்கா."
எஞ்சின் ஓட ஓட, குமிழ் விட்டு விட்டு
மூன்றரை லிட்டர் இறங்கியது.
அவருக்கு அது ஐந்து நாள்.
கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் ஏசி போட்டே வந்தோம்,
ஏழு மாதத்துக்குப் பிறகு.
காளவாசல் சிக்னலில் முள் நடுவில் நின்றது.
ஐஸ் கட்டி ஒன்றை வாயில் அடக்கியபடி
அவரும் அந்த முள்ளையே பார்த்தார்.

வாசலில் நிறுத்திப் பேப்பர் விரித்தேன்.
சொட்டு.
இன்னொன்று.
குப்புறப் படுத்து விரலில் ஏந்தி முகர்ந்தேன்.
பச்சை இல்லை, பிசுக்கு இல்லை.
"ஒழுகுதா?"
"ஏசித் தண்ணி."
"எவ்வளவு?"

கேட்கிற மனுஷனுக்கு என்ன சொல்ல?
உள்ளே போய்
அவருடைய அளவு டம்ளரை எடுத்துவந்து
அடியில் வைத்தேன்.